ஏழு கேள்விகளுக்கு ஒரே பதில்

மத்தியான வேலை முடிந்து நாலு மணிக்கு அவர் கதவைத் திறந்தபோது உள்ளே மனைவி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் நுழைந்தது தெரிந்தும், சிரிப்பை முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"வந்துட்டீங்களா? இங்க பாருங்களேன், இந்த சர்வர் சூப்பைத் தூக்கிட்டு ஓடுற அழகை!"

சாப்பாட்டு மேசையில் அவளும் அவள் தம்பியும் ஒரு மடிக்கணினிக்குள் தலையை விட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். தம்பி இரண்டு வருஷமாகத் தனியாளாக ஒரு கணினி விளையாட்டு செய்துகொண்டிருந்தான். ஓர் உணவகம், எட்டு மேசைகள், ஒரு சர்வர். வருகிறவர்களை நேரத்துக்குக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம்.

அசல் சர்வர் வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். இருபத்திரண்டு வருஷமாக ஒரே உணவகத்தில் பரிமாறுகிறவர். இடது கையில் ஐந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து வருவதால் அங்கே அவருக்கு அஞ்சுதட்டு என்றே பெயர். அந்தக் கையை இவள் ஒரு நாளாவது ஏறெடுத்துப் பார்த்திருப்பாளா? வரைந்து வைத்த ஒருவன் சூப்பைத் தூக்கினால் அழகாம்.

"அத்தான், நீங்க ஆடிப் பாத்துச் சொல்லணும்," என்றான் மச்சினன். "தொழில் தெரிஞ்சவரு. நாப்பது பேருக்குக் குடுத்தேன். முப்பத்தோரு பேர் மூணாவது நாள் ஆட்டத்துலயே மூடி வச்சிட்டுப் போயிட்டாங்க. ஏன்னு கேட்டா ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. அடுத்த வாரம் இதை வெளியிடுற கம்பெனிக்கு அனுப்பணும். இதுவும் ஊத்திக்கிச்சுன்னா மூட்டை கட்டிட்டு ஏதாவது ஆபீசுல போய் உக்கார வேண்டியதுதான்."

அஞ்சுதட்டு உட்கார்ந்து ஆடினார். முதல் நாளை எப்படியோ ஒப்பேற்றினார். இரண்டாவது நாளில் எட்டு மேசைக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். திரையில் பெரிய எழுத்தில் வந்தது: முதலாளி உங்களை வேலையை விட்டு நீக்கிவிட்டார்.

"ஐயையோ, இருபத்திரண்டு வருஷ சர்வீசு போச்சே!" என்று மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் ஆறாவது நாள் வரைக்கும் போனேங்க."

"நீ பெரிய ஆளுதான்," என்றார்.

கோளாறு எங்கே என்று அவருக்கு முதல் நாள் ஆட்டத்திலேயே பிடிபட்டுவிட்டது. ஒவ்வொரு வாடிக்கையாளர் தலைக்கு மேலும் பச்சையாக ஒரு கோடு இருந்தது. அது மஞ்சளாகி, சிவப்பாகி, தீர்ந்தால் ஆள் எழுந்துவிடுவார். சர்வர் பக்கத்தில் போனாலும் போகாவிட்டாலும் கோடு ஒரே வேகத்தில் குறைந்தது. அசல் மனிதன் அப்படியில்லை. எவ்வளவு கூட்டமானாலும் அவன் கண்ணைப் பார்த்து ஒரு தரம் தலையை அசைத்தால் போதும். தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் மூன்று நிமிஷம் வாயைத் திறக்க மாட்டான். அஞ்சுதட்டின் பிழைப்பே அந்த மூன்று நிமிஷத்தில்தான் ஓடுகிறது. ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய விஷயம்.

சொன்னால் என்ன ஆகும்? ஆட்டம் நன்றாகிவிடும். தம்பியும் அக்காவும் இன்னும் சத்தமாகச் சிரிப்பார்கள்.

மச்சினன் ஒரு படிவத்தைத் திறந்து வைத்தான். ஏழு கேள்விகள். எங்கே சலித்தது, எங்கே கோபம் வந்தது, எதை மாற்றலாம். அஞ்சுதட்டு நிதானமாக ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதினார்: நல்லா இருக்கு.

அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். உப்பு தூக்கல் என்று கத்திவிட்டுப் போகிறவர் மறுநாளும் வந்து அதே மேசையில் உட்காருவார். பாதித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, எப்படி இருந்தது என்று கேட்டால் நல்லா இருக்கு என்று சிரித்தபடி எழுந்து போகிறவர் அத்தோடு சரி, திரும்பி வரமாட்டார்.

"அக்கா, அத்தானுக்கே பிடிச்சுப் போச்சு!" என்று மச்சினன் குதித்தான்.

அவள் எட்டிப் பார்த்து ஏழு பதிலையும் படித்தாள். பிறகு கணவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னங்க, பாதித் தட்டை மிச்சம் வச்சிட்டுப் போற ஆளு மாதிரி எழுதியிருக்கீங்க?"

அவர் காதில் விழாதவர்போலக் கால் கழுவப் போனார்.

ஐந்து நாள் கழித்து, அவருடைய வார விடுமுறையன்று காலையில், மச்சினன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"அத்தான்! நாப்பதுல முப்பத்திமூணு பேர் மூணாவது நாளைத் தாண்டிட்டாங்க! தலையசைக்கிறதுக்கு ஒரு பொத்தான் வச்சிருக்கேன். அழுத்தினா அந்த மேசைக்காரர் மூணு நிமிஷம் பொறுத்துக்குவாரு. அக்காதான் சொன்னா. என்ன மூளை பாருங்க அவளுக்கு!"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கிட்டுதானே இருக்கீங்க," என்றாள். "காதுல விழாம என்ன?"

சுவரிடம் பேசிக்கொண்டிருப்பதாகத்தான் அவர் இதுவரை நினைத்திருந்தார். இனிக்க வேண்டிய சேதி. ஆனால் அதற்குள் திரையில் ஆட்டம் தொடங்கி, கீழே சின்ன எழுத்தில் 'ஆலோசனை: அக்கா' என்று வந்து போயிற்று. தன் வாயிலிருந்து வந்தது, தன் வீட்டு மேசையிலேயே கைமாறி, வேறு பெயரில் போகிறது.

படத்து சர்வர் தட்டைக் கீழே வைத்தான். வாடிக்கையாளர் முன்னால் போய் நின்றான். மந்திரியைக் கண்டவன் மாதிரி இடுப்பு வரை வளைந்தான்.

"டேய், இது என்னடா?" என்று அஞ்சுதட்டு எழுந்துவிட்டார். "எவன்டா இப்படித் தலையாட்டுவான்? நின்னுட்டா நீ செத்தே! பின்னாடி ஆறு மேசை காத்துக்கிட்டிருக்கு!"

மனைவி துடைத்து வைத்த தட்டுகளில் ஐந்தை எடுத்து இடது கையில் அடுக்கினார். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, நாற்காலிகளுக்கு நடுவே, வேகம் குறையாமல் நடந்தார். போகிற போக்கில் மச்சினனைப் பார்த்து முகவாயை அரை அங்குலம் அசைத்தார்.

"நடந்துகிட்டே. இவ்வளவுதான். இன்னொண்ணு எழுதிக்கோ மச்சான். ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். அடுத்த தடவை போகும்போது கையில ஏதாவது இருக்கணும், தண்ணியாவது. வெறுங்கையோட ரெண்டாவது தடவை தலையாட்டினா எழுந்து போயிடுவான்."

மச்சினன் விரல் நோகத் தட்டச்சு செய்தான். "அக்கா, இதை நீ சொல்லவே இல்லையே?"

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்றாள் அவள், துடைத்த தட்டையே மறுபடி துடைத்தபடி. "தெரிஞ்சவங்கதான் சொல்லணும்."

"அத்தான், உங்க பேரையும் போட்டுடுறேன். எப்படிப் போடட்டும்?"

"அஞ்சுதட்டுன்னு போடு." ஒரு கணம் யோசித்தார். "அக்கா பேருக்கு மேல."

சாயங்காலத்துக்குள் மச்சினன் மாற்றி முடித்துவிட்டான். மனைவி ஆட உட்கார்ந்தாள். படத்து சர்வர் இப்போது நிற்காமல் நடந்து, முகவாயை அரை அங்குலம் அசைத்தான். அச்சு அசல் அவர்தான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள், அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு காபி கிடைக்குமா?" என்றார் அவர், மேசையின் மறுபக்கத்திலிருந்து.

அவள் திரையிலிருந்து கண்ணை ஒரு நொடி எடுத்து, முகவாயை அசைத்தாள்.

அந்த அசைவின் விலை அவருக்குத் தெரியாதா? கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். மூன்று நிமிஷம் போயிற்று. நாலாவது நிமிஷம் அவள் மறுபடியும் முகவாயை அசைத்தாள். இரண்டு கையும் மடிக்கணினியில்தான் இருந்தன.

அவர் எழுந்தார். போவதற்கு வேறு கடை இல்லை. சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார்.