இருநூற்றுப் பதினான்கு தலைப்புகள்

“மாமா, என்ன செஞ்சு வச்சிருக்கிய? எல்லாரும் தலைப்பா நிக்காவ!” என்று என் அக்கா மகள் ஸ்வீட்லின் போனில் கத்தியதில் மேலப்பாளையத்து ஆட்டோக்கள் மொத்தமும் பிரேக் போட்டு நின்றன.

தேயிலை எஸ்டேட்டை மூடியதும் மாஞ்சோலை மலையிலிருந்து இறங்கிய குடும்பங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று இணையத்தில் ஒரு பக்கம் வைக்கிறாள் அவள். பெயர், அடியில் போன் எண். தட்டச்சு செய்வது என் வேலை. எஸ்டேட் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் டைப்பிஸ்ட். என் வேகத்துக்கு மணிமுத்தாறு அருவியே மூச்சு வாங்கியிருக்கிறது. ‘மார்க்டவுன்’ என்று அவள் சொன்னது வெறும் எழுத்துதான். நடுநடுவே நட்சத்திரம், கோடு போட்டால் பக்கம் தானாக அழகாகிக்கொள்ளுமாம். ஆனால் வருகைப் பதிவில் ஒருவர் நாள் இன்னொருவருக்குப் போய்விடாதபடி ஒவ்வொரு பெயருக்கு அடியிலும் கோடு அடித்துப் பழகிய கை இது. இங்கேயும் இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் மும்மூன்று இணைப்புக்கோடாக அடித்துவிட்டது.

“அடியில கோடு இழுத்தா அந்த வரி பெரிய தலைப்பாயிரும் மாமா. பத்து நிமிசத்துல சரி பண்ணுதேன்.”

அதற்குள் பக்கத்து வீட்டு ஜுபைதா பீவி வந்துவிட்டார். மாஞ்சோலையில் அவருக்கும் சுகிர்தாவுக்கும் ஒரே சுவர், ஒரே ஆட்டுக்கல். இறங்குகிற அன்று கல் யாருக்கு என்று சண்டை. ஆளுக்கொரு லாரியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். கல் இப்போது ஜுபைதா பீவி முற்றத்தில். இன்றுவரை அதில் ஒரு பிடி அரிசி விழவில்லை. போன வாரம், “சுகிர்தா நம்பர் வந்திருக்கு, சொல்லட்டா?” என்றேன். “அவ நம்பர் எனக்கு எதுக்கு?” என்று கதவைச் சாத்தினார். கேட்டு வாங்கினால் தோற்றதாகிவிடும்.

“பட்டியலு வந்துட்டாமே. சும்மா பாப்பமேன்னு வந்தேன், அண்ணாச்சி.”

“நான் வாசிக்கட்டா?”

“ஒங்க வேலையப் பாருங்க.”

புரை விழுந்த கண். மூக்கு இடிக்கிற தூரத்தில்தான் நான் யாரென்றே தெரியும். என் போனை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஒவ்வொரு பெயரும் நெல்லையப்பர் தேர் மாதிரி பெரிதாக வந்து நின்று நகர்ந்தது. அவர் எழுத்துக்கூட்டுவது கேட்டது.

நான் வீட்டுக்காரி போனைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடி ஸ்வீட்லினைக் கூப்பிட்டேன். “பிள்ளே, ஒரு கோட்டையும் தொட்டுராத! நீ நல்லா இருப்ப!”

திரும்பி வந்தபோது எழுத்துக்கூட்டல் நின்றிருந்தது. விரல் ஒரு பெயருக்கு அடியில், எண்ணின் மேல் அழுந்தியிருந்தது.

“ஐயோ, அதுவாப் போவுது அண்ணாச்சி!”

ஆனால் அவர் நிறுத்தச் சொல்லவில்லை. என் மூன்று இணைப்புக்கோடுகளுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். மணி போய்க்கொண்டிருந்தது. ஜுபைதா பீவி போனை இரண்டு கையாலும் பிடித்தபடி, யார் வீட்டு வாசலிலோ நிற்பதுபோல முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.