சுகுணாவின் கைக்கு ஒரு சோப்பு

சோப்புக் காய்ச்சப் பிரவீனாவுக்குக் கற்றுக் கொடுத்ததே சுகுணாதான். ஜூஜுவாடியில் பக்கத்து வீட்டுக்காரி, ஓசூர் கம்பெனியிலும் ஒரே அசெம்பிளி லைனில் நிற்கிறவள் என்று இரக்கப்பட்டுவிட்டாள். அந்த இரக்கத்தை நினைத்தால் இப்போது ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

சுகுணாவுக்குத் தெரிந்தது தேங்காய் எண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர். யார் கேட்டாலும் அதே சோப்பு. பிரவீனா சும்மா இருந்தாளா? கேட்டவளைக் கேன்டீனிலேயே கையை நீட்டச் சொல்லி, நகத்தால் லேசாக ஒரு கோடு இழுத்துப் பார்ப்பாள். வெள்ளையாகக் கோடு விழுந்தால் வறண்ட தோல். தேங்காய் எண்ணெயைக் குறைத்து, விளக்கெண்ணெயும் கடலை எண்ணெயும் கூட்டுவாள். எண்ணெய் மாறினால் சோடாவின் அளவும் மாறுமாம், அதற்குத் தனிக் கணக்கு வேறு.

"பெரிய டாக்டரம்மா!" என்று சுகுணா கழுத்தை நொடித்தாள். லைன் மொத்தமும் பிரவீனா பின்னால் போய்விட்டது. சுகுணாவின் சோப்புகள் சீந்துவாரில்லாமல் கிடந்தன.

கொடுமை என்னவென்றால், ரப்பர் கையுறைக்குள் வெந்து வெடித்திருந்தது சுகுணாவின் கைதான். தன் சோப்பைப் போட்டால் இன்னும் எரிந்தது. அதற்காகப் பிரவீனாவிடம் போய்க் கை நீட்டுவதா? செத்தாலும் மாட்டாள். லைனில் கூட நிற்கும் தஸ்லிமைப் பிடித்தாள்.

"உனக்குன்னு சொல்லி ஒண்ணு வாங்கிட்டு வாடி. என் பேரு வரக் கூடாது."

சோப்பு வந்தது. ஒரே வாரத்தில் வெடிப்பு மூடிக்கொண்டது. அப்போதுதான் சுகுணாவுக்கு உறைத்தது. தஸ்லிமுக்கு எண்ணெய் வழிகிற தோல். அவள் கையைப் பார்த்துக் கொடுத்த சோப்பு தனக்கு எப்படிப் பொருந்தும்?

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் தஸ்லிமை மடக்கினாள்.

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. கையை நீட்டுனேன், அவங்க பாக்கவேயில்ல. 'இது சுகுணாக்காவுக்குத்தானே? அவங்க கையப் பாத்து எப்பவோ செஞ்சு வெச்சுட்டேன். நான் குடுத்தா மூஞ்சில வீசுவாங்க. எனக்குத் தெரியும்னு சொல்லிடாத'ன்னாங்க."

சுகுணா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சோப்பில் பிரவீனா ஜெயித்தாள், போகட்டும். பெருந்தன்மையிலும் அவளேதான் ஜெயிக்க வேண்டுமா? வாய்விட்டுத் திட்டக்கூட ஒரு குறை வைக்கவில்லையே, பாவி! மெத்தென்று ஆகிவிட்ட தன் கையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை முட்டியது.