ஐம்பதுக்குக் கீழே

மகன் வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜன்னல் கம்பிக்குள் கையை நீட்டினான். உள்ளே நின்றிருந்த அவள் வயரின் முனையை வாங்கி, கூடத்தில் கிடந்த குளிர்ப்பெட்டியின் பிளக்கை அதில் சொருகினாள். ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு மோட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. கண்ணாடிக்கு அடியில் அவள் கணவர் படுத்திருந்தார். உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் எழுந்து உட்கார்ந்து, "யாரைக் கேட்டு வண்டியில கை வெச்சீங்க?" என்று வீட்டையே இரண்டாக்கியிருப்பார்.

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் காலையிலேயே வெடித்துவிட்டது. சாயங்காலம்தான் கரண்ட் வருமாம். மகள் இன்னும் விமானத்தில் இருந்தாள். அப்பா முகத்தைப் பார்க்காமல் எடுத்துவிடாதீர்கள் என்று ஏறும் முன் போனில் கதறியிருந்தாள். அவள் வரும் வரை பெட்டி ஓடியாக வேண்டும். கொளுத்துகிற வெயிலில் வேறு வழியில்லாமல், வாசலில் நின்ற எலெக்ட்ரிக் காரிலிருந்து பெட்டிக்குக் கரண்ட் இழுத்திருந்தார்கள்.

"இப்படி எடுக்கலாம்னு அப்பாதான்மா எனக்குக் காட்டினாரு" என்றான் மகன்.

"தனக்கே வேணும்னு தெரிஞ்சுதான் வாங்கினாரோ என்னவோ" என்றாள். மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

லிஃப்ட் கான்ட்ராக்டர் அவர். ஊரார் மாடி ஏற, தான் இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கையுமாக முக்கால் ஆயுசைக் கழித்தவர். ஆசைப்பட்டு ஒரு நல்ல வண்டி வாங்கியதில் அவளுக்குக் குறையே இல்லை. வாங்கிய பிறகு நடந்த கூத்துதான் தாங்கவில்லை. "எட்டு வருஷம் வெச்சிருக்கணும். பேட்டரிக்கு அத்தனை வருஷம் வாரன்டி" என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பச்சைக் குழந்தைக்குப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. எண்பதுக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. இருபதுக்குக் கீழே இறங்கக் கூடாது. வெயிலில் நிற்கக் கூடாது. உள்ளே உட்கார்ந்து ஒரு பிஸ்கட் கடிக்கக் கூடாது. மாதம் தவறாமல் பேட்டரியை டெஸ்ட் பண்ணிவிட்டு, அடுப்படி வரை வந்து, "தொண்ணூத்தாறு பர்சென்ட் ஆரோக்கியம்! பாத்தியா?" என்று பெருமை அடித்துக்கொள்வார்.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் கையால்தான் ஊசி. கட்டின புருஷன் மட்டும் ஒரு நாள் கையை நீட்டியதில்லை. "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்பார். போன மாதம் மாடி ஏறி வந்து, மூச்சு வாங்குது என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். மறுநாள் அவள் ஊசியும் குப்பியுமாக வீட்டுக்கு வந்தபோது ஆளைக் காணோம். டயருக்குக் காற்றுப் பிடிக்கப் போயிருந்தார். நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். எட்டு வருஷ வண்டிக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை.

நேற்றிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. "மனசுக்குள்ளயே வெச்சுக்காதே, அழுதுடு" என்று வந்தவர்கள் எல்லாம் முதுகைத் தடவினார்கள். உள்ளே இருந்தது அழுகையாக இருந்தால்தானே வருவதற்கு. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடைதான் வலித்தது.

மத்தியானம் வாசலில் பேச்சுக் குரல் கேட்டு எழுந்து போனாள். கணவரின் அண்ணன் காரைச் சுற்றி நடந்தபடி பேசிக்கொண்டிருந்தார்.

"இத வெச்சிருக்க வெச்சிருக்க விலை இறங்கிட்டேதான்டா போகும். புது மாடல் வேற வரப்போகுது. இந்த மாசமே தள்ளிவிட்டுடணும்."

"எட்டு வருஷம் வெச்சுக்கணும்னுதான் பெரியப்பா, அப்பா சொல்லிட்டே இருப்பாரு."

"சொன்னவன் உள்ள படுத்திருக்கான். இனிமே யாருடா ஓட்டுறது?"

"நான் எடுத்துட்டுப் போறேன்."

"உன் வீட்டுல ஸ்கூட்டர் நிறுத்தவே எடமில்ல. சும்மா இரு. எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் நாளைக்குப் பாக்க வரேன்னிருக்காரு."

நாளைக்காம். கூடத்தில் போட்டது போட்டபடி இருக்கிறது, அதற்குள் ஆள் பிடித்தாகிவிட்டது. ஒருவர் மாதக்கணக்கில் பேசுகிறார், ஒருவன் வருஷக்கணக்கில் பேசுகிறான். கதவோரம் ஒருத்தி நிற்கிறாளே, அவளை ஒரு வார்த்தை கேட்போம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அப்போதுதான் உள்ளே மோட்டார் நின்றது.

மகன் ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்து திரையைப் பார்த்தான். "சார்ஜ் இருக்கும்மா. அப்பா இதுக்குன்னு தனியா லிமிட் போட்டு வெச்சிருக்காரு. ஐம்பதுக்குக் கீழ போனா வெளிய கரண்ட் குடுக்காது."

"லிமிட்ட எடுத்து விடு" என்றாள்.

மகன் பெரியப்பாவைப் பார்த்தான். அவர் தாடையைச் சொறிந்தார். "வேணாம்ப்பா. வர்றவரு மொதல்ல பேட்டரியத்தான் பாப்பாரு. கண்டபடி எறக்கி வெச்சு அது கெட்டுப் போச்சுன்னா? யாரையாவது அனுப்பு, நாலு பாளம் ஐஸ் வாங்கிப் போட்டுக்கலாம்."

"ஆமாம்மா" என்றான் மகன் மெதுவாக. "அப்பாவே கீழ விடக் கூடாதுன்னுதானே…"

அதுதான் அவளைச் சுட்டது. அவன் சொன்னதில் பொய்யே இல்லை. பெட்டிக்குள் இருக்கிறவருக்கு வாய் இருந்தால் அவரும் இதையேதான் சொல்லுவார். எனக்கு ஐஸ் போதும்டா, வண்டியைத் தொடாதீங்க என்பார். அவரை உலுக்கி எழுப்பி நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

மகனைத் தள்ளிக்கொண்டு போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, உனக்கு அது தெரியாது."

"எங்க தொடணும்? சொல்லு."

அவளே திரையில் ஒவ்வொன்றாகத் தட்டினாள். தப்பாக எதையோ தொட்டுப் பாட்டு அலறியது. வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதை அடக்கிவிட்டு மறுபடி தேடினாள். ஐம்பது என்று போட்ட ஒரு கோடு கிடைத்தது. விரலை வைத்து, அது போகிற மட்டும் கீழே இழுத்தாள்.

கூடத்தில் மோட்டார் ஓடத் தொடங்கியது.

"ஏம்மா, ஆத்திரத்துல எதையாவது…" என்று ஆரம்பித்தார் மூத்தவர்.

"ஆத்திரந்தான் அத்தான். இல்லேங்கல." காரைவிட்டு இறங்கி அவர் எதிரில் நின்றாள். இத்தனை வருஷத்தில் அவர் முகத்துக்கு நேராக அவள் குரலை உயர்த்தியதில்லை. "மாசாமாசம் பேட்டரிக்கு டெஸ்ட் எடுத்தாரே உங்க தம்பி, ஒரு தடவ எங்கிட்ட கைய நீட்டினாரா? உங்களத்தானே கெஞ்சினேன், நீங்க சொன்னா கேப்பாருன்னு. சிரிச்சீங்க. வண்டி எட்டு வருஷம் இருக்கணும்னு நெனச்ச மனுஷன், தான் இருக்கணும்னு நெனைக்கலையே! இப்ப அவருக்கு ஐஸ் கட்டி, வண்டிக்குப் பத்தியமா? எம் பொண்ணு வர்ற வரைக்கும் இது ஓடும். பேட்டரி செத்தாச் சாகட்டும்."

மகன் தரையில் கிடந்த வயரை, யார் காலும் இடறாதபடி, சுவர் ஓரமாக நகர்த்திப் போட்டான்.

மகள் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்து கண்ணாடிமேல் விழுந்தாள். "தூங்குற மாதிரியே இருக்காரும்மா" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அவள் மகளின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதும் அவள் கண்ணில் தண்ணீர் இல்லை.

பிறகு அவரைத் தூக்கினார்கள். அமரர் ஊர்தி வந்தது, ஏற்றினார்கள், போனார்கள். மகனும் மூத்தவரும் கூடப் போனார்கள். மகள் அம்மாவுடன் இருந்துவிட்டாள். கூடத்தில் நாற்காலிகள் தாறுமாறாகக் கிடந்தன. பெட்டியின் மூடியை யாரோ பழையபடி சாத்தியிருந்தார்கள். அவள் அதன் அருகே தரையில் உட்கார்ந்தாள்.

தலைக்கு மேல் மின்விசிறி லேசாக அசைந்து, பிறகு வேகமாகச் சுற்றியது. பக்கத்து வீட்டில் குழந்தைகள் கூச்சலிட்டன.

"கரண்ட் வந்துடுச்சும்மா" என்றாள் மகள். ஜன்னல் பக்கம் போனவள் வயரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். "ஐயோ, இது இன்னும் ஓடிட்டிருக்கு. உள்ளதான் ஒண்ணும் இல்லியே. வண்டியில சார்ஜ் வீணாப் போகுதும்மா. எடுத்துடவா?"

மகள் பிளக்கின்மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எடுக்காதே" என்றாள். "கொஞ்ச நேரம் ஓடட்டும்."

மகள் கையை எடுத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மோட்டார் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஆளில்லாத பெட்டியின் கண்ணாடியில் மெல்ல ஈரம் பூத்துப் படர்ந்தது.