புல்லட்டின் பின்பாரம்

செல்லதுரைக்கு அன்று காலை எரிச்சலான எரிச்சல். விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் இரவல் கொடுத்த புல்லட் பின்பக்கம் படுத்தது படுத்ததுதான், எழவே மாட்டேன் என்றது. நன்னிலம் வருவதற்குள் மட்கார்டில் டயர் உரசி, ரப்பர் கருகும் நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது.

கழக ஆட்சி வந்து அறுவடைக் கூலிக்குச் சட்டமே போட்டாயிற்று. மிராசுதாரின் களத்துக்கு மட்டும் அந்தச் சட்டம் வழி தெரியாமல் நின்றுவிட்டதாக்கும்! கூலியைக் கேட்ட அண்ணன் தங்கையனை அந்தக் களத்திலேயே வெட்டிச் சாய்த்தார்கள். கண்ணால் கண்ட சாட்சி செல்லதுரை ஒருவன்தான். இன்று நாகப்பட்டினம் கோர்ட்டில் அவன் கூண்டேறாவிட்டால் வெட்டினவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கூண்டேறினால் அவன் ஊருக்குத் திரும்ப முடியாது. அதனால்தான் மனைவி அம்சம், தகரப்பெட்டி, அரிசி மூட்டை என்று சகலத்தையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தான்.

மெக்கானிக் அப்துல் அஜீஸ் அப்போதுதான் பட்டறையைத் திறந்திருந்தார்.

"ஸ்பிரிங்குக்கு மூணு படி இருக்குங்க. தனி ஆளுன்னா கீழ்ப்படி. ஜோடியா, சாமானோட போனா நடுப்படி" என்றவர், கொக்கி ஸ்பேனரை மாட்டி இரண்டு ஷாக் அப்சர்வரையும் ஒரே அளவாகத் திருகி வைத்தார். ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி பழையபடி அமுங்கியது.

"மூட்டையில கருங்கல்லா கட்டியிருக்கீங்க?" என்று சிரித்தபடி கடைசிப் படிக்கு ஏற்றினார்.

செல்லதுரை ஏறினான். வண்டி நிமிர்ந்தே நின்றது. அம்சம் ஏறினாள். லேசாகத்தான் இறங்கியது. அப்புறம், இருவரும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதே, ஸ்பிரிங் கிறீச்சென்று மறுபடி தாழ்ந்தது.

அஜீஸின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அம்சத்தின் முதுகுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"இதுக்கு மேல படி இல்லைங்க. பைய போங்க" என்று உள்ளே போய்விட்டார்.

மார்கழிப் பனி வயலையும் ரோட்டையும் ஒன்றாக்கி வைத்திருந்தது. அம்சம் நெருக்கிய நெருக்கில் செல்லதுரை பெட்ரோல் டேங்க் மேலேயே ஏறிவிட்டான்.

"தள்ளி உக்காரேன்டி! பின்னாடி எடமா இல்ல?"

"எடம் இல்ல" என்றாள் அம்சம்.

வாய்க்கால் மதகடியில் பனிக்குள்ளிருந்து ஆட்கள் முளைத்தார்கள். கையில் அரிவாள். மிராசுதாரின் ஆட்களேதான்.  இத்தனை பாரத்தோடு வண்டியைத் திருப்பவும் வழியில்லை. செல்லதுரை தலைத்துண்டை முகத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு உருட்டினான்.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருன்னுதானேடா சொன்னாங்க?" என்றான் ஒருத்தன். "இதுல மூணு பேரு வர்றாங்க. வேற வண்டி, விடு."

வழி விட்டார்கள். வண்டி கடந்தபோது, ஓரத்தில் நின்றவன் கடைசியில் இருந்த முகத்தை உற்றுப் பார்த்தான். அவன் கை அரிவாள் கல்லில் விழுந்த சத்தம் செல்லதுரைக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்கும் தைரியம் அவனுக்கு வரவில்லை.

கோர்ட்டு வாசலில் இருவரும் இறங்கினார்கள். பெட்டியை இறக்கினான், மூட்டையை இறக்கினான். வண்டி எழவில்லை. வெறும் சீட்டு அமுங்கியபடி இருந்தது.

செல்லதுரை அம்சத்தின் பக்கம் திரும்பினான். "பின்னாடி எடம் இல்லன்னு உனக்கு எப்படி தெரியும்?"

அம்சம் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கூழாங்கல்.

"கிளம்புறப்பவே தெரியும். மூணு பேரா ஒரு காரியத்துக்குப் போகக் கூடாதுல்ல? அதான் நாலாவதா இதை எடுத்து முடிஞ்சுகிட்டேன்."

உள்ளேயிருந்து டவாலிச் சேவகன் கூப்பிட்டான்: "தங்கையன் கொலை வழக்கு!"

ஸ்பிரிங் மெல்ல, மிக மெல்ல, மேலே எழுந்தது.

செல்லதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் ஒதுங்கி நின்றான்.

"நீ முன்னால போண்ணே" என்றான்.