பார்வோத்தோவின் கட்டைவிரல்

14 மே, செவ்வாய்

நேற்று எழுதியதில் ஒரு தவறு. விபத்து நடந்த அன்று மழை பெய்ததாக எழுதிவிட்டேன். பெய்யவில்லை. மின்சாரம் போனதற்குக் காரணம் வேண்டுமே என்று நானே வரவழைத்த மழை. எங்கள் ஊர் ஜெபாராவில் மின்சாரம் போகக் காரணமே தேவையில்லை.

மாலை வகுப்பில் ஒரு கதை எழுதச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த ஒரே கதை எங்கள் நாற்காலிப் பட்டறையில் நடந்தது.

1.

தேக்கு நாற்காலியைக் குடைந்துகொண்டிருந்த பார்வோத்தோ, விதியின் விளையாட்டால் —

(வேண்டாம். விதி என்று எழுதினால் எங்கள் பங்கு மறைந்துவிடும்.)

மறுபடி. பல் தட்டு சுழன்று மரத்தைக் குடையும் எங்கள் கை மெஷின், ஸ்விட்சை அழுத்திப் பிடித்தால்தான் ஓடும், விட்டால் நிற்கும். நாள் முழுக்கப் பிடித்தால் விரல் மரத்துப்போகும். அதனால் எல்லோருமே சைக்கிள் டியூபைக் கிழித்து ஸ்விட்சை இறுக்கிக் கட்டிவிடுவோம். அன்று மின்சாரம் போனதும் பார்வோத்தோ அண்ணன் மெஷினை மடியில் கிடத்திவிட்டுக் கிராம்பு சிகரெட்டைப் பற்ற வைத்தார். மின்சாரம் திரும்பியது. வந்த சந்தோஷத்தில் நாங்கள் ஓவென்று கூச்சலிட்டோம். ஸ்விட்ச் கட்டியிருந்த மெஷின் அவர் மடியில் தானே ஓடிக் கையில் பாய்ந்தது. அந்தக் கூச்சலில் அவர் அலறியது யாருக்கும் கேட்கவில்லை.

வெளியே தூக்கி வந்தபோது அழுதார். வலது கட்டைவிரலை மடக்கும் தசைநாண் அறுந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தைத்திருக்கிறார்கள். விரல் மறுபடி மடங்குமா என்பதுதான் கதை.

2.

இதுவரை எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டினேன். (எழுத்தாளர்கள் இப்படிச் செய்வார்களா, தெரியாது.)

“என்னை எதுக்கு அழ வெச்சிருக்கே, வெனிங்?”

“நீங்க அழுதீங்கண்ணே.”

“அது சிகரெட் புகை.”

அவர் மனைவி கஸ்மிரா அடுப்படியிலிருந்து, “ஆமா, ஊசியப் பாத்து அம்மான்னு கத்துனதும் புகைதான். எழுதிக்கோம்மா!” என்றார்.

3.

முடிவுகள்:

அ) விரல் மடங்குகிறது. அவர் மெஷினைப் பழையபடியே கட்டுகிறார். (இது நடக்கக்கூடியது. அதனாலேயே பயமாக இருக்கிறது.)

ஆ) விரல் மடங்கவே இல்லை. அதற்குப் பிறகு அவர் —

(முடிக்க மனம் வரவில்லை.)

இன்று சாயங்காலம் பயிற்சிக்காக அவித்த வேர்க்கடலை ஒன்றை எடுத்தார். கட்டைவிரல் நடுங்கியது. கொஞ்சம் மடங்கியது. கடலை விழுந்தது.

“பாத்தியா!”

“விழுந்துடுச்சேண்ணே.”

“விழறதுக்கு முந்தி பிடிச்சிருந்தேன்ல? அதை எழுது.”

எழுதிவிட்டேன். இனி மேலே எழுத வேண்டியது அந்த விரல்தான். முடிவு அவசரமாக வேண்டும் என்பவர்கள் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ‘அ’ என்றால், தயவுசெய்து டியூபை அவிழ்த்துவிட்டு.

நாளை: பட்டறைக்கு முதல் ஆளாகப் போக வேண்டும். மின்சாரம் போனால் உடனே பிளக்கைப் பிடுங்கும்படி எல்லோரிடமும் சொல்ல வேண்டும். சிரிப்பார்கள். சொல்ல வேண்டும்.