கடிகாரக்காரர் முகமும் என் முகமும்

என் மனைவி கடிகாரக்காரரை வரைந்துகொண்டிருந்த மூன்று வாரமும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கீழே கடை வைத்துக் கடிகாரம் பழுது பார்க்கிற அந்த ஆள் தினமும் சாயங்காலம் மேலே வந்து எங்கள் ஜன்னலோர நாற்காலியில் உட்காருவார். அவள் கரித்துண்டும் கையுமாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிட்டுவிட்டால் ஆயிற்றா? அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். என் படம் இப்போது சீந்துவாரில்லாமல் சுவரில் சாய்ந்து கிடந்தது.

நேற்று அவர் படம் முடிந்தது. அடுத்த மாதக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டுமாம்.

"நான் சட்டம் வாங்கிட்டு வந்துர்றேன். அதுக்குள்ள கரி உதிராம இதுக்கு ஸ்ப்ரே அடிச்சு வைங்க. தள்ளிப் பிடிச்சு லேசா அடிக்கணும். உங்களுக்குச் சொல்லித்தரணுமா என்ன."

சொல்லித்தர வேண்டாம்தான். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் எதையும் கெடாமல் பதப்படுத்தி வைப்பதுதான் எனக்குப் பிழைப்பு. வெட்டியெடுத்த சதைத்துண்டை உடனே ஃபார்மலினில் போடாவிட்டால் கெட்டுப்போகும். போட்டுவிட்டால் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். ஆனால் அதற்கப்புறம் அதில் எதுவும் வளராது, மாறாது.

டப்பாவைக் குலுக்கிக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்தேன். கண்ணோரச் சுருக்கம் ஒன்றுவிடாமல் வரைந்திருந்தாள். காது மடலில் இருக்கும் மருவைக்கூட விடவில்லை. என் காதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியுமா? இந்த மூஞ்சியை என் கையாலேயே அழியாமல் காப்பாற்ற வேண்டுமாம். அப்படியே திரும்பி என் படத்தின் மேல் அடித்தேன். டப்பாவில் வெறும் காற்று வருகிறவரை அடித்தேன்.

அவள் வந்து கடிகாரக்காரரைச் சட்டத்துக்குள் நுழைத்தாள். புறங்கை பட்டது. மூக்கு காது வரைக்கும் இழுபட்டுப் போனது.

"ஸ்ப்ரே அடிச்சீங்களா இல்லையா?"

"அடிச்சேன்."

"எதுக்கு?"

என் படத்தைக் காட்டினேன். அவள் குனிந்து என் வாயை ரப்பரால் அழித்துப் பார்த்தாள். அசையவில்லை.

"ஏங்க, இது இன்னும் முடியாத படம்ங்க. உங்க வாய் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்ல. அவர் படத்தை அனுப்பிட்டு, அப்புறம் நிதானமா உங்களை உக்கார வச்சுத் திருத்தலாம்னு இருந்தேன்."

"இப்ப உக்கார்றேன்."

"எதுக்கு? அதான் நீங்களே முடிச்சு வச்சிட்டீங்களே."

ஜன்னலைத் திறந்து கீழே குரல் கொடுத்தாள். "அண்ணா, படம் கலைஞ்சு போச்சு. மறுபடியும் மூணு வாரம் வந்து உக்காரணும்."

அதற்கென்ன, இதோ வருகிறேன் என்றார் அந்த ஆள். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன்.