மாமியாரின் ஆயிரத்து நூற்றெண்பது கிலோ

புருஷனின் அண்ணன் வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பியபோது அவர்களுடைய காரின் எடை நூற்றைம்பது கிலோ கூடியிருந்தது. அந்த வீட்டில் யாரும் வண்டியில் ஒரு துரும்பைக்கூட ஏற்றவில்லை. குத்துமதிப்பாகச் சொல்கிற கணக்கு இல்லை இது. எடை போட்டவள் பதினோரு வருஷமாக லாரிகளை எடை மேடையில் ஏற்றி இறக்கியவள். வண்டியின் பின்பக்கம் அமுங்குவதை மெயின் ரோட்டில் ஏறும்போதே அவள் முதுகு கண்டுபிடித்துவிட்டது. வழியிலிருந்த எடை மேடையில் ஏற்றச் சொன்னாள். ஒரே தொழிலில் இருக்கிறவர்கள் தங்களுக்குள் கட்டணச் சீட்டு போட்டுக்கொள்வதில்லை, சும்மா ஏற்றிப் பார்க்கலாம். காலையில் இரண்டு பேரும் இரண்டு பெட்டியும் சேர்த்து ஆயிரத்துத் தொண்ணூறு. இப்போது ஆயிரத்து இருநூற்று நாற்பது. ஓரகத்தி நைசாக ஏதாவது மூட்டையை வைத்துவிட்டாளோ என்று டிக்கியைத் திறந்து பார்த்தாள். ஓரகத்தி வைத்தது ஒரே ஒரு வாக்கியம்தான்: "பொண்டாட்டி வேலைக்காகப் புருஷன் மூட்டை கட்டுறதை நாங்க கேள்விப்பட்டதே இல்லம்மா."

விஷயம் அதுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற துறைமுகத்தில் எட்டு எடை மேடைகளுக்கும் சேர்த்து ஒரு மேற்பார்வையாளர் வேலை. நாற்பத்திரண்டு பேர் எழுதிய பரீட்சையில் அவள் முதலாவதாக வந்திருந்தாள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கையெழுத்துப் போடாவிட்டால் இரண்டாவதாக வந்தவனுக்குப் போய்விடும்; அவன் இப்போதே புதுச் சட்டை தைத்துவிட்டதாகப் பேச்சு. புருஷன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எந்த ஊரிலும் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போகும் என்று சொல்லி முதல் நாளே சம்மதித்துவிட்ட மனுஷன். சொல்லிக்கொண்டு கிளம்பப் பதினோரு வீடு, நான்கு நாள், அப்புறம் ஆற்றுப்பாலம். அது பழைய இரும்புப் பாலம். இரண்டு டன்னுக்கு மேல் எந்த வண்டியையும் விடமாட்டார்கள், வாசலிலேயே எடை மேடை வைத்திருக்கிறார்கள்.

தையல்காரியான பள்ளிக்கூடத்துச் சிநேகிதி கட்டிப்பிடித்து அழுதாள். அது ஆறு கிலோதான் வந்தது. புருஷனின் சித்தப்பா மூன்றரை மணி நேரம் புத்தி சொன்னார், நானூற்றுப் பத்து. அவர் வீட்டுக் கேட்டைத் தாண்டுவதற்குள் ஒரு டயர் வெடித்தது. ஸ்பிரிங்கில்தான் கோளாறு என்று புருஷன் ஒரு பகல் முழுக்க வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தான். அப்புறம் பின் சீட்டைக் கழற்றி ஒரு நண்பன் வீட்டில் விட்டான், அதில் முப்பது கிலோ குறைந்தது, ஆனால் அந்த நண்பன் "யோசிச்சுத்தான் செய்யறியா?" என்று கேட்டதில் ஐம்பது ஏறியது. பத்து வீடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் நின்றது. பாக்கி இருந்தது அவனைப் பெற்றவள் வீடு.

"பேசாம போயிடலாம். பாலத்தைத் தாண்டிட்டு போன் பண்ணிச் சொல்லிக்கலாம்," என்றான் புருஷன். அவனுக்கு அம்மாவைத் தெரியும். பொண்டாட்டிக்கு வந்ததே கோபம். "நான் என்ன திருடிட்டா போறேன்? பரீட்சை எழுதி வாங்கின வேலை. வாசல்ல நின்னு சொல்லிட்டுத்தான் போவேன். திருப்புங்க வண்டியை."

மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். "நல்லா இருங்க," என்றார், தலையைத் தூக்காமல். வெளியே கார் முனகியது. அந்த இரண்டு சொல்லோடு எழுந்து வந்திருக்கலாம், தட்டுத் தடுமாறிப் பாலத்தையும் தாண்டியிருக்கலாம். அவளால் முடியவில்லை. மாமியார் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "அத்தை, நான் போறேன். அதுல மாத்தமில்ல. மனசுல இருக்கறதைச் சொல்லிடுங்க. எவ்வளவு ஆனாலும் தூக்கிட்டுப் போறேன்."

மாமியார் மத்தியானம் முழுக்கச் சொன்னார். கல்யாணத்தன்று அவள் சிரித்த சிரிப்பிலிருந்து ஆரம்பித்தார். மகனைக் கைக்குள் போட்டுக்கொண்டாள் என்றார். குளியலறையில் வழுக்கி விழுந்தால் யார் தூக்குவார்கள் என்றார். தனியாக ஒருத்திக்கு எதற்காக அடுப்பு மூட்டுவது என்று கேட்டபோது குரல் உடைந்தது. அவளும் அழுதாள், ஆனால் போகவில்லை என்று மட்டும் சொல்லவில்லை. வெளியே வந்தபோது காரின் அடிப்பாகம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பாலத்து மேடை மூவாயிரத்து நூற்று நாற்பது என்று காட்டியது. காவலர் எட்டிப் பார்த்தார்: பின் சீட்டே இல்லாத வண்டி, இரண்டு பெட்டி, ஒரு தண்ணீர் கேன். சரக்கை இறக்கச் சொன்னார்.

"எந்தச் சரக்கை? இறக்கச் சொன்னா சீட்டுல சரக்கோட பேரை எழுதணும். அது சட்டம் சார், நானும் இதே வேலைதான் பார்க்கறேன். எழுதுங்க."

அவர் காரின் தரையில் கையை வைத்தார், சுட்டதுபோல எடுத்தார். பேனாவை மூடித் திறந்தார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. கடைசியில் 'காலி வண்டி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாலத்தில் அவளே ஓட்டினாள். நடுவில் போனபோது இரும்பு வளைந்து ஆறு மேலே வந்து டயரை நனைத்தது. அவள் ஆக்சிலேட்டரை விடவில்லை. அந்த வளைவு இன்றும் இருக்கிறது. பஸ் டிரைவர்கள் அங்கே மட்டும் வேகத்தைக் குறைக்கிறார்கள்.

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டாள். துறைமுகத்தின் எட்டு மேடைகளையும் வருஷா வருஷம் சரிபார்க்க வருகிற அதிகாரிகள் மூன்றாம் வருஷத்திலிருந்து எடைக்கல் கொண்டு வருவதில்லை. அவளுடைய காரை ஏற்றிப் பார்க்கிறார்கள். வெயிலுக்கும் மழைக்கும் ஒரு கிராம் ஏறாத, இறங்காத பொருள் வேறு எதுவும் அவர்களுக்கு அகப்படவில்லை.

ஆறு வருஷம் கழித்து மாமியார் அவர்களோடு இருக்க வந்தார். பஸ் நிலையத்திலிருந்து மேட்டில் ஏறும்போது வண்டி முக்கி முனகியது. தன் சொல்லை அவருக்கு அடையாளம் தெரியாமல் இருக்குமா? கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னுமாம்மா இதைச் சுமந்துட்டு இருக்கே? இறக்கி வெச்சிடேன்," என்றார்.

"எதுக்கு அத்தை? வண்டி ஓடுதுல்ல," என்று சொல்லிவிட்டு, அவள் கியரை மாற்றினாள்.